ஒரு பானை ஈரலுக்கு ஒரு சோறு பதமா?

சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க அம்மாக்கள் பானைக்குள் துழாவிக்கொண்டிருப்பதில்லை. கரண்டியில் நாலு பருக்கை எடுத்து, ஒன்றை விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். முடிந்தது வேலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்தப் பழமொழி பலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அடியில் இருக்கிற அரிசியும் மேலே இருக்கிற அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே கொதியில், ஒரே நேரம் வேகின்றன. அதே பானையில் பாதி அரிசியைக் காலையிலும் மீதியை மதியமும் போட்டிருந்தால் ஒரு பருக்கையை நசுக்கி எவரும் எதுவும் சொல்ல முடியாது.

கல்லீரல் பயாப்ஸி என்பது இந்தப் பழமொழியின் மருத்துவ வடிவம். பெரியவர் ஒருவரின் ஈரல் சுமார் ஒன்றரைக் கிலோ. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு எடுக்கும் துண்டு நூல் மாதிரி மெல்லியது, இரண்டு சென்டிமீட்டர் நீளம் தேறினால் நல்ல துண்டு. மொத்த ஈரலில் அது சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று மருத்துவ நூல்களே எழுதுகின்றன. ஒரு அரிசியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ அரிசியில் எத்தனை அரிசி இருக்கும் என்று வகுத்துப் பாருங்கள், 75,000 வரும். ஆக, உவமைக்காகச் சொன்ன பழமொழி கணக்கிலும் ஏறக்குறைய சரியாக உட்கார்ந்துவிடுகிறது!

இந்த ஒரு பருக்கைக்கு மருத்துவ உலகம் கொடுத்திருக்கும் பட்டம் 'கோல்டு ஸ்டாண்டர்டு'. சண்டை பயாப்ஸியோடு இல்லை, இந்தப் பட்டத்தோடுதான்.

பயாப்ஸிக்கு மரியாதை சும்மா வந்துவிடவில்லை. 1883இல் ஜெர்மனியில் பால் எர்லிக் ஊசியால் ஈரல் திசுவை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார். 1958இல் இத்தாலியின் மெங்கினி, ஊசி ஈரலுக்குள் இருக்கும் நேரத்தை ஒரு நொடிக்குக் குறைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இது ஊர் ஊராகப் பரவியது. அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ இல்லாத காலம். மஞ்சள் காமாலையோடு வந்தவரின் உள்ளே என்ன நடக்கிறது என்று உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேறு வழியே கிடையாது. அன்றைக்கு அதைத் தங்கம் என்றதில் ஒரு தப்பும் இல்லை.

இன்றைய கேள்வி வேறு. ஹெபடைடிஸ் சி, கொழுப்பு ஈரல் மாதிரி வருஷக்கணக்கில் இழுக்கும் நோய்களில் டாக்டருக்குத் தெரிய வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: ஈரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது? தழும்பே இல்லை என்றால் எஃப்0. முழுக்கச் சுருங்கி சிரோசிஸ் ஆகிவிட்டால் எஃப்4. நடுவில் 1, 2, 3. இந்த ஒற்றை எண்ணைச் சொல்லத்தான் பெரும்பாலும் அந்த ஊசி குத்தப்பட்டது.

அந்த எண்ணை அது ஒழுங்காகச் சொல்கிறதா?

2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. ஹெபடைடிஸ் சி உள்ள 124 பேருக்கு லேப்ராஸ்கோப்பி வழியாக ஈரலின் வலது பக்கத்தில் ஒரு துண்டு, இடது பக்கத்தில் ஒரு துண்டு, ஒரே நேரத்தில் எடுத்தார்கள். 41 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, இரண்டு பக்கமும் வெவ்வேறு கட்டம். 18 பேருக்கு ஒரு பக்கம் 'சிரோசிஸ்', மறுபக்கம் 'இன்னும் சிரோசிஸ் இல்லை'. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஈரல்!

கொழுப்பு ஈரலில் கதை இன்னும் மோசம். 2005இல் பிரான்ஸில் 51 பேருக்கு இரண்டு இரண்டு துண்டாக எடுத்துப் பார்த்தார்கள். 41 சதவீதம் பேருக்குத் தழும்பின் கட்டம் குறைந்தது ஒரு படி மாறியது. ஒரு துண்டில் முற்றிய தழும்பு தெரிந்தவர்கள் 17 பேர். அதில் 6 பேருக்கு இன்னொரு துண்டில் லேசான தழும்பு, அல்லது தழும்பே இல்லை. அந்த ஆறு பேருக்கும் வழக்கம்போல ஒரே ஒரு துண்டு எடுத்து, அது இந்த இரண்டாவது துண்டாக அமைந்திருந்தால்? "பயப்பட ஒண்ணுமில்ல, எண்ணெயைக் குறைங்க, நடங்க" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சரி, துண்டு சின்னதாக இருந்ததுதான் கோளாறு, பெரிதாக எடுத்தால் போச்சு என்று தோன்றும். அதையும் 2003இல் பிரெஞ்சுக்காரர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். 15 மில்லிமீட்டர் துண்டு 65 சதவீதம்தான் சரியான கட்டத்தைச் சொல்கிறது. 25 மில்லிமீட்டர் என்றால் 75 சதவீதம். அதற்கு மேல் நீட்டினாலும் பெரிய லாபம் இல்லை. நல்ல துண்டிலேயே நாலுக்கு ஒன்று தப்பு.

ஆடிட்டிங் முதல் பாடத்திலேயே சாம்பிள் எடுப்பதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் வவுச்சர் என்றால் ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்க்க மாட்டார், உண்மைதான். ஆனால் வெவ்வேறு மாதங்களிலிருந்து, வெவ்வேறு கிளைகளிலிருந்து உருவி எடுத்துப் பார்ப்பார். ஏப்ரல் மாதத்து வவுச்சர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, கணக்கு முழுக்கச் சுத்தம் என்று கையெழுத்துப் போடுகிற ஆடிட்டருக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஈரல் விஷயத்தில் அதே காரியத்துக்குப் பெயர் கோல்டு ஸ்டாண்டர்டு.

அந்தப் பருக்கைக்கு விலையும் உண்டு. பலருக்கு வலி வரும், சிலருக்கு வலது தோள்பட்டை வரைக்கும் ஏறும். குத்தி முடித்தபின் மணிக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டும், ரத்தக்கசிவு வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும் என்பதால். இத்தாலியில் பத்து வருஷத்தில் நடந்த 68,276 பயாப்ஸிகளைத் தொகுத்து 1986இல் வெளியிட்டார்கள். இறந்தவர்கள் 6 பேர். சிறிய எண்தான். தேவையான ஊசி என்றால் எவரும் அந்த அபாயத்தை ஏற்கலாம். தேவையில்லாத ஊசிக்கு ஆறு பேர்கூட அதிகம்.

இதில் கூத்து என்னவென்றால், ரத்தப் பரிசோதனையாகவோ ஸ்கேனாகவோ புது வழி எதைக் கண்டுபிடித்தாலும் அதை எதோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள்? பயாப்ஸியோடுதான். அளவுகோல் கோணலாக இருந்தால், நேர்க்கோட்டை அதன் பக்கத்தில் வைக்கும்போது நேர்க்கோடுதான் கோணலாகத் தெரியும். 2009இல் ஓர் அமெரிக்கக் குழு இதைக் கணிதமாகவே காட்டியது. ஒரு தப்புகூடச் செய்யாத ரத்தப் பரிசோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டாலும், பயாப்ஸியின் சொந்தப் பிழைகளால் அந்தப் பரிசோதனைக்கு முழு மார்க் கிடைக்கவே கிடைக்காது! பிறகு அதே மார்க்கைக் காட்டி "பார்த்தீர்களா, ரத்தப் பரிசோதனை பயாப்ஸி அளவுக்கு வராது" என்று பேசுவார்கள். வாத்தியார் விடைத்தாளைத் தப்பாகத் திருத்திவிட்டுப் பையனை மக்கு என்பது மாதிரி.

(நிஜமான கோல்டு ஸ்டாண்டர்டை பிரிட்டன் 1931இல் கைகழுவியது. 1971இல் நிக்ஸன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த மிச்சத் தொடர்பையும் அறுத்தார். பொருளாதாரமே விட்டுவிட்ட பட்டத்தை ஆஸ்பத்திரிகள் கட்டிக்கொண்டு அழுவது ஏனோ.)

ஏதோ டாக்டர்களுக்குள் நடக்கும் புள்ளிவிவரச் சண்டை, நமக்கென்ன என்று விடவும் முடியாது. அந்த எண்ணை வைத்துத்தான் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று தீர்மானித்தார்கள்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற ஹெபடைடிஸ் சி மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லை, குணப்படுத்தும் மருந்து. விலை? ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை நடத்தும் மாநிலங்கள் வெலவெலத்துப்போயின. உடனே விதி போட்டார்கள்: தழும்பு எஃப்3 அல்லது எஃப்4 என்று நிரூபித்தால்தான் மருந்து. 2015இல் வெளியான ஓர் ஆய்வு 42 மாநிலங்களின் விதிகளை எடுத்துப் பார்த்தது. 74 சதவீத மாநிலங்களில் இதே கதை.

இப்போது அந்த 124 பேரைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். வலது பக்கம் எஃப்3, இடது பக்கம் எஃப்2 உள்ள ஒருவர். ஊசி வலப்பக்கம் போனால் மருந்து உண்டு. இடப்பக்கம் போனால் "ஈரல் இன்னும் கொஞ்சம் கெட்டபின் வாருங்கள்". குணமாக்கும் மருந்து கையில் இருக்கும்போது நோய் முற்றட்டும் என்று காத்திருக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? எல்லா மாநிலங்களும் ஊசியைத்தான் கேட்டன என்று சொல்ல முடியாது, சில இடங்களில் ஸ்கேன் சான்றும் செல்லுபடியானது. ஆனால் கட்டம் கட்டமாகப் பிரித்து வாசல் வைக்கும் யோசனையே பயாப்ஸி கொடுத்ததுதான். பணம் இல்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அறிவியல் மாதிரி ஒரு எண்ணை முன்னால் நிறுத்தினார்கள். 2015 நவம்பரில் மத்திய அரசே இப்படிச் செய்வது சரியில்லை என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது.

இதற்கு நேர் எதிராக பஞ்சாபில் ஒன்று நடந்தது. 2014 செப்டம்பரில் அதே மாத்திரையைத் தயாரிக்க இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்து விலை தரைக்கு வந்திருந்தது. ஹெபடைடிஸ் சி அதிகமாக உள்ள பஞ்சாப் 2016 ஜூனில் எல்லோருக்கும் இலவசச் சிகிச்சை என்று அறிவித்தது. 22 மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் 3 அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சாதாரண பொது மருத்துவர்களே மருந்து கொடுத்தார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ. நிபுணர்கள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். யாருக்கு சிரோசிஸ் இருக்கிறது என்று பிரித்தது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைக் கணக்குகளை வைத்து. பயாப்ஸி வாசலில் நிற்கவில்லை. 2019இல் வெளியான முடிவில் 48,088 பேரின் கணக்கு இருக்கிறது. சிகிச்சையை முடித்துப் பரிசோதனைக்கும் வந்தவர்களில் 91.2 சதவீதம் பேருக்கு வைரஸ் போய்விட்டது. அத்தனை பேருக்கும் முதலில் ஊசி குத்தி ஸ்லைடு தயாரித்து பேத்தாலஜிஸ்ட் பார்க்க வேண்டும் என்று யாராவது அடம்பிடித்திருந்தால் வரிசை இன்றைக்கும் நகர்ந்திருக்காது.

அந்த ரத்தக் கணக்கு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஃபிப்-4 என்று பெயர், 2006இல் வந்தது. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி. எண்ணையும் பெருக்கு. பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தோடு பெருக்கு. முதலாவதை இரண்டாவதால் வகு. 50 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் மூன்று லட்சம் என்று வையுங்கள். 3,000ஐ 2,400ஆல் வகுத்தால் 1.25. 1.3க்குக் கீழே, முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதே ஆளுக்கு மற்றதெல்லாம் அப்படியே இருந்து பிளேட்லெட் மட்டும் ஒன்றரை லட்சம் என்றால் 2.5. இப்போது விடக்கூடாது, அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும். தழும்பு கூடக் கூட மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த எண் விழுகிறது.

அடுத்த சோதனை என்பது பாரிஸ்காரர்கள் 2003இல் கொண்டுவந்த ஃபைப்ரோஸ்கேன். விலாவின் மேல் ஒரு சின்னத் தட்டு. அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறது. ஈரல் கெட்டியாக இருந்தால் வேகம் அதிகம். பயாப்ஸி பார்ப்பதைப்போல நூறு மடங்கு இடத்தைப் பார்க்கிறது, பத்து தடவை தட்டி நடு மதிப்பை எடுக்கிறது, ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் செய்யலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலாவில் ஊசி குத்திக்கொள்ள யார் வருவார்கள்?

இவற்றுக்கும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஃபிப்-4 சூத்திரத்தில் வயது உட்கார்ந்திருப்பதால் 35க்குக் கீழே உள்ளவர்களுக்கு நம்ப முடியாது. 65 தாண்டியவர்களை வீணாகப் பயமுறுத்தும், அதனால் அவர்களுக்கு எல்லையை 2 என்று வைக்கிறார்கள். ஃபைப்ரோஸ்கேனுக்கு வயிறு மூன்று மணி நேரமாவது காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் ஏறும். மஞ்சள் காமாலை உச்சத்தில் இருக்கும்போதும் ஏறும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரியும், திரும்பச் செய்து சரிபார்க்கவும் முடியும். ஊசி தப்பான இடத்தில் குத்தியதா என்பது யாருக்கும் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் மருத்துவச் சங்கங்களும் ஒப்புக்கொண்டுவிட்டன. ஐரோப்பிய வழிகாட்டி 2021லும் அமெரிக்க வழிகாட்டி 2024லும் தழும்பை அளக்க முதலில் ரத்தமும் ஸ்கேனும் என்றே எழுதிவிட்டன. பட்டம் மட்டும் இறங்கவில்லை. முக்கியமாக, புது மருந்துக்கு அனுமதி கொடுக்கும் இடத்தில்.

கொழுப்பு ஈரலுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் மருந்து ரெஸ்மெடிரோம், 2024 மார்ச்சில். சோதனையில் 966 பேர். ஆரம்பத்தில் ஒரு பயாப்ஸி, 52 வாரம் கழித்து இன்னொன்று. மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 25 சதவீதத்தினருக்குத் தழும்பு ஒரு படியாவது குறைந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில்? 14.2 சதவீதம். இவர்களில் சிலர் உடம்பைக் குறைத்திருக்கலாம், நிஜமாகவே தேறியிருக்கலாம். இரண்டாவது ஊசி முதல் ஊசி போன இடத்துக்குப் போகவில்லை என்பதால் மட்டும் 'தேறியவர்கள்' எத்தனை பேர்? பிரிக்கவே வழி இல்லை. இன்னொரு வேடிக்கை, மருந்தைத் தொடங்க நோயாளிக்கு பயாப்ஸி கட்டாயம் என்று அதன் சீட்டில் எழுதவில்லை. மருந்தை நிரூபிக்க ஊசி வேண்டும், மருந்தைக் கொடுக்க வேண்டாமாம்! ஸ்லைடைப் படிப்பதில் பேத்தாலஜிஸ்டுகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதற்காக 2025 மார்ச்சில் ஐரோப்பிய மருந்து ஆணையம் இந்தச் சோதனைகளில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் துணையைப் பயன்படுத்தலாம் என்றது. நல்லதுதான். ஆனால் பருக்கையைக் கம்ப்யூட்டர் நசுக்கினாலும் பருக்கை ஒன்றுதானே?

"அப்ப பயாப்ஸியே வேண்டாங்கறீங்களா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 'எவ்வளவு' என்ற கேள்விக்குத்தான் அது லாயக்கில்லை. 'என்ன' என்ற கேள்விக்கு இன்றும் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஈரல் மாற்று அறுவை முடிந்த ஒருவருக்கு என்சைம் திடீரென்று ஏறுகிறது. உடம்பு புது ஈரலை நிராகரிக்கிறதா, வேறு ஏதாவதா? ஸ்கேனைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தச் சோதனை எல்லாம் எடுத்தும் காரணம் பிடிபடாத நோய்க்கும் அப்படித்தான். இங்கே பானை முழுக்க வெந்ததா என்பது கேள்வியே இல்லை. பானையில் இருப்பது அரிசியா கேழ்வரகா என்பதுதான். அதற்கு ஒரு பருக்கை போதும்.

பயாப்ஸியை எதிர்ப்பவர்கள் எல்லோரும் சரியான காரணத்துக்காக எதிர்ப்பதும் இல்லை. நம்ம ஊரில் "ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்" என்று சொல்லியே பலர் ஓடிவிடுகிறார்கள். ஈரல் புற்றுநோய்க் கட்டியில் குத்தும்போது ஊசி போன வழியில் செல்கள் ஒட்டிக்கொள்வது நிஜமாகவே உண்டு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுத் தொகுப்பில் 2.7 சதவீதம். சிரோசிஸ் உள்ளவருக்குக் கட்டி வந்தால் சி.டி., எம்.ஆர்.ஐ. படத்திலேயே பெரும்பாலும் புற்றுநோயை உறுதிசெய்துவிடலாம் என்பதால் அங்கே ஊசி அவ்வளவாகத் தேவைப்படுவதும் இல்லை. ஆனால் இந்தப் பயம் கட்டியே இல்லாதவர்களிடம் வந்து சேருவதுதான் கொடுமை.

ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் ஈரலையே தாக்கும் நோய், பெண்களுக்கு அதிகம் வருகிறது. அறிகுறி பார்த்தால் சாதாரணக் காமாலை மாதிரி இருக்கும், கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் இருந்து மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். ரத்தத்தில் சில குறிகள் தெரியும், ஆனால் அவை வேறு ஈரல் நோய்களிலும் தெரியும். உறுதி செய்ய இன்றும் பயாப்ஸி வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு கொடுக்கப்போவது ஸ்டீராய்டும் அசாதயோப்ரினும், பல வருஷம், சிலருக்கு ஆயுள் முழுக்க. அந்த மருந்துகளை ஊகத்தில் தொடங்க எந்த டாக்டரும் தயங்குவார். தொடங்காவிட்டால் என்ன ஆகும் என்பது 1971லேயே லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி சோதனையில் தெரிந்துவிட்டது. ஸ்டீராய்டு எடுத்தவர்களைவிட எடுக்காதவர்கள் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள். அந்தப் பெண்ணிடம்தான் சொந்தக்காரர்கள் உட்கார்ந்துகொண்டு "ஊசி மட்டும் போட்டுக்காதே" என்கிறார்கள்.